டிராயர்ல கிடக்குற பாமும் அதுக்குள்ள மாட்டிக்கிட்ட அட்ரஸ் புக்கும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, பாம் மாதிரி பழைய கையடக்க ஆர்கனைசரை (பேர், நம்பர் எல்லாம் சேத்து வெச்சுக்குற குட்டி மெஷினை) தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற நம்பரையெல்லாம் கம்ப்யூட்டருக்கு எடுத்து வெச்சுடுங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். எப்படி எடுக்குறதுன்னு சொல்லலை. அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துட்டேன், இந்தத் தடவை முழுக்க அட்ரஸ் புக் கதைதான்.

கேள்வி: சார், என்கிட்ட பாம் டங்ஸ்டன் ஈ இருக்கு. இன்னைக்கும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன், அறுநூறு சொச்சம் காண்டாக்ட் அதுல இருக்கு. புது லேப்டாப்புல கேபிள் மாட்டினா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது, 'டொய்ங்'குற சத்தம்கூட வரலை. கேபிள் போயிடுச்சா?

பதில்: கேபிள் நல்லாத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. பென் டிரைவ் மாதிரி மாட்டின உடனே 'நான் வந்துட்டேன்'னு சொல்ற பழக்கம் பாமுக்குக் கிடையாது. நீங்க அதோட ஸ்கிரீன்ல ஹாட்சிங்க் (பாமுல இருக்குறதையும் கம்ப்யூட்டர்ல இருக்குறதையும் ஒத்துப் பாத்து ஒண்ணாக்குற வேலை) ஐகானைத் தட்டினாத்தான் அது யூஎஸ்பியில தலையைக் காட்டும், தட்டாத வரைக்கும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்க எதுவுமே மாட்டலை. இது தெரியாம எத்தனை பேர் நாலஞ்சு கேபிள் மாத்திப் பாத்திருக்காங்கன்னு எனக்குத்தான் தெரியும்.

சரி, தட்டிட்டீங்க, சத்தமும் வந்துடுச்சு, இருந்தாலும் சிங்க் ஆகாது. ஏன்னா உங்க லேப்டாப் விண்டோஸ் 64 பிட்டா இருக்கும். பாம் டெஸ்க்டாப்போட (கம்ப்யூட்டர்ல போடுற பாம் கம்பெனி புரோகிராமோட) வந்த யூஎஸ்பி டிரைவர் 32 பிட்டுக்கு எழுதினது, 64 பிட்டுக்கு பாம் கம்பெனி கடைசி வரைக்கும் குடுக்கவே இல்லை. அதனால பாம் டெஸ்க்டாப்பை புது லேப்டாப்புல இன்ஸ்டால் பண்ண முடிஞ்சாலும், புரோகிராம் திறக்கும், மெஷின் மட்டும் அதுக்குத் தெரியாது.

இப்போ என்ன பண்ணலாம்? வீட்ல எங்கயாவது எக்ஸ்பி ஓடுற பழைய கம்ப்யூட்டர் மூலையில இருந்தா அதைத் துடைச்சு எடுங்க, அதை விடச் சுலபமான வழி வேற இல்லை. பாம் டெஸ்க்டாப் போட்டு, ஒரு தடவை ஹாட்சிங்க் பண்ணி, ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் குடுத்து விகார்டா (காண்டாக்டுக்குன்னே இருக்குற பொதுவான ஃபைல் வடிவம்) சேவ் பண்ணிக்கிட்டீங்கன்னா வேலை முடிஞ்சுது, அந்த ஒரே ஃபைலை போன்லயும் ஏத்தலாம், மெயில்லயும் ஏத்தலாம்.

பழைய மெஷின் இல்லாதவங்களுக்கு லினக்ஸ். பயப்படாதீங்க, லேப்டாப்புல இருக்குற விண்டோஸைத் தொட வேண்டாம், பென் டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓட்டலாம். ஜே-பைலட்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, பாம் டெஸ்க்டாப் மாதிரியே நாலு பொட்டி நாலு லிஸ்ட்னு இருக்கும். அதுல ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஒண்ணு, முதல்ல பாம்ல ஹாட்சிங்க் தட்டிட்டு அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல பட்டனை அழுத்தணும், மாத்திப் பண்ணினா போர்ட் இல்லைன்னு திட்டும். ரெண்டு, உங்க டங்ஸ்டன் ஈ 2003 கடைசியில வந்தது, அதுல பழைய அட்ரஸ் புக் இல்லை, புதுசா காண்டாக்ட்ஸ்னு ஒரு ஆப் வெச்சாங்க, அதோட டேட்டாபேஸ் அமைப்பே வேற. ஜே-பைலட் செட்டிங்ஸ்ல காண்டாக்ட்ஸ் டேட்டாபேஸ் யூஸ் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுக்கங்க. அங்க சிங்க், பேக்கப்னு ரெண்டு பட்டன் இருக்கும், முதல் தடவை பேக்கப்பை அழுத்துங்க. சிங்க்கும் பண்ணிட்டு, உள்ள இருக்குறதையெல்லாம் அப்படியே நகல் எடுத்துக்கும்.

இதெல்லாம் செய்யுற வரைக்கும் சார்ஜ் இறங்க விடாதீங்க, இதைக் கெஞ்சியே கேட்டுக்கிறேன். உங்க மாடல்ல நம்பர் எல்லாம் இருக்குறது ரேம்ல. பேட்டரி சுத்தமா செத்துட்டா ரேமும் காலி, திரும்ப ஆன் பண்ணினா கடையில இருந்து வந்த மாதிரி 'ஸ்டைலஸால இங்க தொடு'ன்னு கேக்கும். 2004ல வந்த டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 காலத்துலதான் கரண்ட் போனாலும் அழியாத மெமரிக்கு மாறினாங்க. அதுக்கு முந்தின பாமை டிராயர்ல ஒரு வருஷம் போட்டு வெச்சீங்கன்னா உள்ள ஒண்ணும் மிஞ்சாது.

கேள்வி: மேல சொன்ன மாதிரி பேட்டரி செத்து எல்லாம் போயிடுச்சு சார். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: முன்னாடி எப்பவாவது ஒரு கம்ப்யூட்டரோட சிங்க் பண்ணியிருந்தீங்கன்னா பண்ணலாம். ஹாட்சிங்கோட அழகே அதான், ரெண்டு பக்கமும் முழு நகல் இருக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க்குல பாம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள உங்க யூசர் பேர்ல ஒண்ணு, அதுக்குள்ள அட்ரஸ்னு ஒண்ணு. உள்ள அட்ரஸ் டாட் டிஏடின்னு ஃபைல் இருந்தா ஃபோல்டரை மொத்தமா காப்பி பண்ணிக்கங்க. பக்கத்துலயே டாட் பிஏகேன்னு முடியுறது ஒண்ணு இருந்தா அதையும் விடாதீங்க, அது அதுக்கு முந்தின நிலை. கம்ப்யூட்டரே இல்லைன்னா... சாரி.

கேள்வி: நான் சிங்க் பண்ணினதும் முந்நூறு காண்டாக்ட் அறுநூறாயிடுச்சு. ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை இருக்காங்க. மறுபடி சிங்க் பண்ணினா சரியாயிடுமான்னு பண்ணிப் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு இருக்கேன், கை வலிக்குது.

பதில்: அழிக்கிறதை நிறுத்துங்க முதல்ல.

இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா அப்புறம் உங்களுக்கு நடக்காது. ஒவ்வொரு காண்டாக்டுக்கும் ஆர்கனைசர் உள்ளுக்குள்ள ஒரு தனி நம்பர் குடுத்து வெச்சிருக்கு, நமக்குக் காட்டாது. சிங்க் பண்றப்போ அது பேரைப் பாக்காது, போன் நம்பரைப் பாக்காது, அந்த உள் நம்பரைத்தான் பாக்கும். நீங்க நடுவுல எப்பவோ சிஎஸ்வி ஃபைல்ல (கமா போட்டுப் பிரிச்சு எழுதின லிஸ்ட்) இருந்து அதே ஆளுங்களை மறுபடி இம்போர்ட் பண்ணியிருப்பீங்க, இல்லாட்டி ஒரு பக்கம் பாம் டெஸ்க்டாப்போடயும் இன்னொரு பக்கம் அவுட்லுக்கோடயும் மாத்தி மாத்தி சிங்க் பண்ணியிருப்பீங்க. அப்போ ஒவ்வொருத்தருக்கும் புது உள் நம்பர் விழும். உங்க கண்ணுக்கு அது ஒரே மாமா, மெஷினுக்கு ரெண்டு வேற வேற மாமா, ரெண்டு பேரையும் பத்திரமா ரெண்டு பக்கமும் வெச்சுக்கும். அது தன் வேலையைச் சரியாத்தான் பண்ணுது, அதான் கொடுமை.

இன்னொரு வகை டபுள் இருக்கு. ஒரே ஆளோட நம்பரை நீங்க கையில இருக்குறதுலயும் மாத்தி, அதே நாள்ல கம்ப்யூட்டர்லயும் வேற மாதிரி மாத்தியிருந்தா, எது சரின்னு ஹாட்சிங்க் முடிவு பண்ணாது, ரெண்டையும் வெச்சுட்டு பஞ்சாயத்தை உங்ககிட்ட விட்டுடும். எனக்கு இது பிடிக்கும், சொல்லப்போனா இன்னைக்கு இருக்குற போன்ல பலதும் 'கடைசியா மாத்தினதுதான் சரி'ன்னு நம்மளைக் கேக்காமலே ஒண்ணை முழுங்கிடுது.

சரி பண்ற வழி: ரெண்டு பக்கத்துல ஏதாவது ஒண்ணுதான் சரின்னு நீங்க முடிவு பண்ணணும். கம்ப்யூட்டர் பக்கம்தான் சுலபம், பெரிய ஸ்கிரீன், கீபோர்டு, பேர் வரிசையில அடுக்கினா டபுள் எல்லாம் ஒண்ணு கீழ ஒண்ணு நிக்கும். முதல்ல ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து ஓரமா வெச்சுட்டு, டபுளை அங்க தூக்குங்க. அப்புறம் ஹாட்சிங்க் மேனேஜர்ல கஸ்டம் போனா அட்ரஸ் புக்குக்கு நாலு சாய்ஸ் இருக்கும்: ரெண்டையும் ஒத்துப் பாரு, கம்ப்யூட்டர்ல இருக்குறதை மேல எழுது, கையில இருக்குறதை மேல எழுது, ஒண்ணும் பண்ணாத. ரெண்டாவதை எடுத்து ஒரே ஒரு தடவை சிங்க் பண்ணுங்க. கையில இருக்குறது மொத்தமா அழிஞ்சு கம்ப்யூட்டர்ல நீங்க சுத்தம் பண்ணினது அப்படியே வந்து உக்காரும்.

இங்கதான் நான் ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்டேன். அந்த ஜன்னல்லயே 'இதையே வழக்கமா வெச்சுக்கோ'ன்னு ஒரு சின்ன டிக் பொட்டி இருக்கு. அதைப் போடலைன்னா உங்க சாய்ஸ் அந்த ஒரு சிங்க்கோட முடிஞ்சு, அடுத்த தடவை தானாவே பழையபடி ஒத்துப் பாக்குறதுக்கு மாறிடும். நான் அவசரத்துல டிக்கைப் போட்டுத் தொலைச்சுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வெளியூர்ல சுத்தி, பாக்குறவங்க நம்பரையெல்லாம் ஸ்டைலஸால ஒவ்வொரு எழுத்தா கிறுக்கிக் கிறுக்கி ஏத்தி, ஒரு நாப்பது பேர் இருக்கும், வீட்டுக்கு வந்து ரொம்பப் பொறுப்பா கிரேடில்ல (பாமை நிறுத்தி கம்ப்யூட்டரோட இணைக்கிற ஸ்டாண்டு) வெச்சு பட்டனை அழுத்தினேன். 'டிங் டிங்'னு பாட்டுப் பாடி முடிச்சுது. நாப்பதும் போச்சு. கம்ப்யூட்டர்ல இருந்த பழைய லிஸ்ட் மேல வந்து உக்காந்துடுச்சு, பேக்கப்னு நான் நம்பிக்கிட்டு இருந்ததுலயும் அந்தப் பழசுதானே இருக்கும். அதுல இருந்து மேல எழுதுற சாய்ஸ் எதைத் தொட்டாலும் முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட், பின்னாடி அந்த டிக்கை ஒரு பார்வை.

கேள்வி: எக்ஸ்போர்ட் பண்ணின சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல திறந்து கொஞ்சம் ஒழுங்கு பண்ணி சேவ் பண்ணினேன். இப்போ போன் நம்பர் எல்லாம் 9.1ஈ+11 மாதிரி வருது. நம்பரை எங்க தேடுறது?

பதில்: சேவ் பண்ணாத பழைய ஃபைல்ல தேடுங்க, இந்த ஃபைல்ல இனி கிடைக்காது.

எக்செல் கண்ணுக்கு போன் நம்பரும் ஒரு எண்தான், கூட்டிக் கழிக்கிறதுக்குன்னு நினைச்சுக்கும். முன்னாடி சைபர் இருந்தா எதுக்கு வெட்டியான்னு தூக்கிடும், பிளஸ் குறியையும் தூக்கிடும், நாட்டு கோடோட சேர்த்து 12 இலக்கம் ஆயிடுச்சுன்னா சுருக்கி ஈ போட்டுக் காட்டும். அதுவரைக்கும் பரவாயில்லை, உள்ள முழு எண் இருக்கும், செல்லோட ஃபார்மெட்டை மாத்தினா தெரியும். ஆனா அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணினீங்க பாருங்க, அங்கதான் வினை. சிஎஸ்விங்கிறது வெறும் எழுத்து, ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதைத்தான் எழுதி வைக்கும், மீதி இலக்கம் எல்லாம் காத்தோட போச்சு.

அடுத்த தடவை சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. காலியா ஒரு ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனு வழியா டெக்ஸ்ட் ஃபைலை உள்ள கொண்டு வாங்க, ஒவ்வொரு காலமும் என்ன வகைன்னு கேக்கும்போது போன் காலம் எல்லாத்துக்கும் டெக்ஸ்ட்னு குடுங்க. லிப்ரே ஆபீஸ்ல திறந்தா இந்தக் கேள்வியை அதுவே முதல்ல கேட்டுடும், அதனாலேயே இந்த வேலைக்கு எனக்கு அதான் வசதி. நோட் பகுதியில நீங்க நாலு வரி வழி எழுதி வெச்சிருந்தா அந்த என்டர், கமா எல்லாம் வேற சில புரோகிராம்ல வரிசையைக் கலைச்சு, ஒருத்தரோட வீட்டு வழி இன்னொருத்தர் பேருக்கு நேரா போய் நிக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துக்கங்க. ஒழுங்கு பண்ற வேலை இல்லைன்னா சிஎஸ்வி பக்கமே போகாம விகார்டுலயே எடுத்துடுறது நிம்மதி.

கேள்வி: கம்ப்யூட்டர்ல தமிழ்ல பேர் எழுதி வெச்சிருந்தேன். ஆர்கனைசருக்குப் போயிட்டு வந்ததும் சிலது கேள்விக்குறியா இருக்கு, சிலது என்னென்னவோ எழுத்தா இருக்கு. திருப்பித் தமிழாக்க முடியுமா?

பதில்: என்ன குப்பை தெரியுதுங்கிறதைப் பொறுத்தது. இதுல மூணு வகை இருக்கு, மூணையும் கண்ணாலயே கண்டுபிடிச்சுடலாம்.

வெறும் கேள்விக்குறியா வரிசையா நின்னா கதை முடிஞ்சுது. பாமுக்கு யூனிகோடே (எல்லா மொழி எழுத்தையும் ஒண்ணா அடக்குற முறை) தெரியாது, ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுங்கிற மேற்கத்திய எழுத்து வரிசைதான் அதுல ஓடுறது, தமிழ் எழுத்தைப் பாத்ததும் கம்ப்யூட்டர் பக்கம் இருக்குற புரோகிராம் 'இது அங்க இல்லை'ன்னு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பிடுச்சு. க-வும் கேள்விக்குறி, ம-வும் கேள்விக்குறி. எதுல இருந்து எதைத் திரும்ப எடுக்குறது? பழைய எக்ஸ்போர்ட் இருந்தா உண்டு.

ஆங்கில ஏ மேல ஒரு சின்னச் சாய்கோடு, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடியும் ஏ, வட்டத்துக்குள்ள ஆர்னு மூணு மூணா வந்தா சந்தோஷப்படுங்க, உங்க தமிழ் பத்திரமா இருக்கு. யூடிஎஃப்-8ல (யூனிகோடை ஃபைல்ல எழுதுற ஒரு முறை) ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், புள்ளி, கொம்பு மாதிரி ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், அந்த மூணையும் மூணு தனி எழுத்துன்னு நினைச்சு காட்டுறாங்க, அவ்வளவுதான். ஃபைலைத் திறக்குறப்போ என்கோடிங்ல யூடிஎஃப்-8னு மாத்தித் திறங்க, பேர் எல்லாம் எழுந்து உக்காரும். ஆனா அந்தக் குப்பையோடயே சேவ் பண்ணிடாதீங்க, பண்ணினா சிக்கல் ரெண்டு மடங்கு.

மூணாவது, ஈக்வல் டு குறி போட்டு ரெண்டு எழுத்து, மறுபடி ஈக்வல் டு, ரெண்டு எழுத்துன்னு ஒரு முழ நீளத்துக்கு ஓடுறது. இது விகார்டு 2.1ல வழக்கமான எழுத்துமுறை, 1996ல வந்த பழைய வடிவம், அந்தக் காலத்து மெயில் வழியில எழுத்து சிதையாம இருக்கணும்னு இப்படி மூட்டை கட்டுவாங்க. விகார்டு 2.1 படிக்கத் தெரிஞ்ச அட்ரஸ் புக்குல இம்போர்ட் பண்ணினா அதுவே மூட்டையை அவிழ்த்துக்கும். நோட்பேடுல திறந்து பாத்து பயந்துபோனது மட்டும்தான் உங்க தப்பு.

கேள்வி: 412 பேர் இருக்கணும், எக்ஸ்போர்ட் பண்ணினா 380தான் வருது. மீதி?

பதில்: பிரைவேட்னு குறிச்சு ஒளிச்சு வெச்ச ஆளுங்களா இருப்பாங்க, யாருன்னு நான் கேக்கலை. பாஸ்வேர்டு போட்டு பிரைவேட்டைக் காட்டச் சொல்லிட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. எக்ஸ்போர்ட் ஜன்னல்ல 'எல்லாம்'னு இருக்கா, 'தேர்ந்தெடுத்தது மட்டும்'னு இருக்கான்னும் பாருங்க, மேல கேட்டகரி ஆல்ல இருக்கட்டும்.

கேள்வி: கேபிளும் இல்லை, கிரேடிலும் தொலைஞ்சு போச்சு. பாம் III தான். ஏதாவது வழி?

பதில்: மேல் ஓரத்துல கறுப்பா பளபளன்னு சின்ன ஜன்னல் இருக்குல்ல, அதான் இன்ஃப்ராரெட். அதே ஜன்னல் இருக்குற பழைய லேப்டாப் கிடைச்சா ரெண்டையும் ஒரு ஜாண் தூரத்துல எதிர் எதிரா வெச்சு ஹாட்சிங்கை இன்ஃப்ராரெட்ல பண்ணலாம், ஆனா பாம்ல ஓடுற பாம் ஓஎஸ் 3.3 ஆவது இருக்கணும், கொஞ்சம் மெதுவாப் போகும். இல்லை, இன்னொரு பாம் வெச்சிருக்குற நண்பர் இருந்தா கேட்டகரியை மொத்தமா பீம் பண்ணி (இன்ஃப்ராரெட் வழியா அனுப்பி) அவர் கேபிள்ல ஏத்திக்கங்க. ஒவ்வொரு ஆளா பீம் பண்ணிக்கிட்டு உக்காராதீங்க, மெனுவுல கேட்டகரியையே பீம் பண்ற சாய்ஸ் இருக்கு. அது ஒரு நேரத்துல ஒரு கேட்டகரிதான் போகும், நீங்க பதினஞ்சு கேட்டகரி வெச்சிருந்தா பதினஞ்சு தடவை. உங்களுது ரெண்டு டிரிபிள் ஏ பேட்டரி போடுற மாடல், பேட்டரி மாத்துறப்போ ஒண்ணைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டு இன்னொண்ணைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சுடுங்க, அதுக்கு மேல ரேம் தாங்காது.

கேள்வி: என்னோடது பாம் இல்லை, மடக்குற மாதிரி கீபோர்டு வெச்ச கேசியோ டிஜிட்டல் டைரி. எண்பது நம்பர் இருக்கு. கனெக்ட் பண்ண கேபிள் தேடி மூணு மாசமா அலையுறேன்.

பதில்: எண்பதுதானே? ஒரு சாயங்காலம் உக்காந்து டைப் பண்ணிடுங்க. அதுக்குன்னே தனி கேபிள், அந்த கேபிளுக்கு சீரியல் போர்ட், அந்த போர்ட்டுக்கு ஏத்த பழைய புரோகிராம்னு ஒண்ணு கிடைச்சா ஒண்ணு கிடைக்காது. பாதி நம்பர் இப்போ மாறியிருக்கும் வேற.

கேள்வி: எல்லாம் லேப்டாப்புக்கு வந்துடுச்சு சார், சரிபார்த்துட்டேன். இப்போ பழைய பாமை வேற ஒருத்தருக்குக் குடுக்கப் போறேன். நம்பரையெல்லாம் எப்படி முழுசா அழிக்கிறது? ஒவ்வொண்ணா டெலீட் பண்ணவா?

பதில்: ஹார்ட் ரீசெட் பண்ணுங்க, ஒரு நிமிஷ வேலை. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ரீசெட் ஓட்டையில குச்சியால ஒரு குத்து, குச்சியை எடுத்துடுங்க, பவரை விடாதீங்க. பாம் லோகோ வந்ததும் பவரை விட்டா எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்கும், மேல் பட்டன்னா ஆமா, வேற எதை அழுத்தினாலும் இல்லை. எஸ்டி கார்டு உள்ள இருந்தா அதைத் தனியா உருவிடுங்க, ரீசெட் அதைத் தொடாது. அப்புறம் அழிஞ்சுதான்னு பாக்குறேன்னு சொல்லி உங்க கம்ப்யூட்டர்ல சொருகி ஹாட்சிங்க் பண்ணி, லிஸ்ட்ல உங்க பேரையே தேர்ந்தெடுத்துடாதீங்க, எல்லாரையும் திருப்பி உள்ள கொண்டு வந்து உக்கார வெச்சுடும், மறுபடி குச்சியைத் தேடணும்.